கட்ட மனமிருக்கிறது, கட்ட வழிதான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் சேலம் பதிப்பில் வீட்டுவரி நிலுவை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வரி வந்தால்தான் தெருவிளக்கு எரியும், குப்பை அள்ளுவார்கள் என்பதெல்லாம் சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடுவில், "சொந்த வீட்டில் சுகமாக இருக்கத் தெரிந்தவர்களுக்கு வரி கட்ட மட்டும் மனம் வருவதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. எழுதியவர் அம்மாப்பேட்டைப் பக்கம் வந்து ஒரு வீட்டுக் கதவையாவது தட்டிக் கேட்டாரா? என் மாமனார் காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

எங்களுடையது ஓட்டு வீடு. முன்கூடத்தில் தறிக்குழி, பின்னால் ஒரு அறையும் சமையலறையும். அந்தக் குழியில் கால் வைத்து உட்கார்ந்து என் வீட்டுக்காரர் காலமெல்லாம் வெண்பட்டு வேட்டி நெய்தார். நான் ஊடைநூலைக் குச்சியில் சுற்றி, தார் போட்டுக் கொடுப்பேன். அடைமழை பெய்தால் குழியில் தண்ணீர் ஊறிவிடும், அன்றைக்குக் கூலி கிடையாது. முகூர்த்த மாதங்களில் கை நிறைய வேலை இருக்கும். மார்கழி வந்தால் நெய்த வேட்டி அடுக்கியே கிடக்கும், கூலிப் பணம் தள்ளித் தள்ளிப் போகும். இப்படி வருமானம் வரும் வீட்டில்கூட அவர் நடமாடிய வரைக்கும் வரி ஒரு தவணை தவறியதில்லை. ரசீதுகளை எல்லாம் கம்பியில் கோத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் உங்கள் நிருபர் வந்து பார்க்கட்டும்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. பெரியாஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். தறி நின்றது. முதலில் என் வளையல் அடகுக்குப் போனது, அப்புறம் தாலிக்கொடி. அந்த நாட்களில் வரி கட்டும் ஏப்ரல் வந்ததா, அக்டோபர் வந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் பெயரிலேயே பாக்கியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வரி, குடிநீர்க் கட்டணம், வட்டி என எல்லாம் சேர்ந்து பெரிய தொகை. தாமதமாகும் வரிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி என்பது இப்போதைய விதி. சாவு வீட்டுக்கும் அதே வட்டிதான்.

கையில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை மாதாமாதம் கட்டிவிடுகிறேன் என்று கேட்டேன். "மொத்தமா கொண்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். வரியை என் பெயருக்கு மாற்றலாம் என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிரயப் பத்திரம், கடைசியாக வரி கட்டிய ரசீது எல்லாம் வேண்டும் என்றார்கள். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ். பாக்கி தீராமல் பெயரை மாற்ற முடியாது என்று ஒருவர் சொல்கிறார், பெயர் மாறினால்தான் தவணை கேட்கும் மனுவையே பார்க்க முடியும் என்று இன்னொருவர் சொல்கிறார். நான் படிக்காதவள் இல்லை, பத்தாம் வகுப்பு முடித்தவள். எனக்கே தலை சுற்றியது. எங்கள் தெருவில் கைநாட்டு வைக்கும் விதவைகள் இருக்கிறார்களே, அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? உங்கள் கட்டுரையாளர் சொல்லும் மனம் வராதவர்கள் இவர்கள்தான்.

இதற்கிடையில் வரி போட வீட்டை அளக்க வந்தவர் முன்கூடத்தில் தறியைப் பார்த்துவிட்டு, அந்தப் பகுதியைக் குடியிருப்பு இல்லை, தொழில் கூடம் என்று எழுதிக்கொண்டு போனார். நெசவாளி வீட்டில் தறி இல்லாமல் வேறென்ன இருக்கும்? கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2023இல் இதே அரசாங்கம்தான் உயர்த்திக் கொடுத்தது. அதற்கு முன் 200 யூனிட். கரண்டுக்கு நாங்கள் ஏழை நெசவாளிகள், வரிக்கு நாங்கள் தொழிற்சாலை முதலாளிகளா? ஆட்சேபணை மனு கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

வரி எப்படி ஏறியது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018இல் குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை ஏற்றினார்கள். 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் வரும் வரியில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். என் வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்டிய ரசீது கம்பியில் இருக்கிறது, கழித்ததற்கான கணக்கை யாரும் எனக்குக் காட்டவில்லை. 2022இல் மறுபடியும் உயர்வு. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. அது போதாதென்று இப்போது ஆண்டுக்கு 6 சதவீதம் தானாகவே ஏறுகிறது. எங்கள் நெசவுக் கூலி எந்த வருஷம் தானாக 6 சதவீதம் ஏறியது என்று உங்கள் பத்திரிகையில் ஒருநாள் எழுதுங்கள். ஈரடுக்குப் பேருந்து நிலையம் திறந்த அன்று பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். அது நல்ல காரியம்தான். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தில் எங்கள் தெருவில் நெசவு நூலை நீளமாக இழுத்துப் பாவு ஓட்டக்கூட இடமில்லாமல் தவித்தபோது நான் எழுதிய கடிதத்துக்கு உங்கள் பக்கத்தில் நாலு வரி இடம் கிடைக்கவில்லை.

என் மனம் இன்னும் ஆறாத விஷயம் வேறொன்று. 2023இல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து மூதாட்டி ஒருவரின் வழக்கைப் பற்றி நீங்களே எழுதியிருந்தீர்கள். தொண்ணூறைத் தாண்டியவர். சுமார் 2,300 டாலர் வரி பாக்கி வட்டியும் அபராதமுமாக 15,000 டாலர் ஆகி, அவர் வீட்டைப் பறித்து 40,000 டாலருக்கு விற்று, மிச்சப் பணத்தையும் அந்த ஊர் நிர்வாகமே வைத்துக்கொண்டது. அது தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கொரோனாவில் நொடித்துப்போன வீட்டுக்காரர்களின் கடன், வரி பாக்கியைத் தீர்க்க அங்கே 2021இல் கிட்டத்தட்ட ஆயிரம் கோடி டாலர் ஒதுக்கியதையும் அந்தக் கட்டுரையில்தான் படித்தேன். அன்றைக்கு எவ்வளவு ஈரத்தோடு எழுதியிருந்தீர்கள்! கடல் தாண்டி இருக்கும் அந்த அம்மாவுக்காக நானும் கண் கலங்கினேன். அம்மாப்பேட்டையில் இருக்கும் எனக்கு மட்டும் ஏன் ஐயா "மனம் வருவதில்லை"?

இங்கேயும் வரிக்குத்தான் வீட்டின் மேல் முதல் உரிமை. பாக்கி இருக்கும் வரை அந்தச் சுமை வீட்டோடு கூடவே வரும். பிள்ளைகள் நாளைக்கு வீட்டை அடகு வைக்கவோ விற்கவோ போனால் கேட்கும் முதல் காகிதம் வரி ரசீது. குழாயைத் துண்டிப்போம், ஜப்தி செய்வோம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். தவணையில் கட்டலாம், வீட்டில் சாவு விழுந்திருந்தால் வட்டியைத் தள்ளிவைக்க மனு கொடுக்கலாம், வார்டுக்கு ஒரு நாள் முகாம் போட்டு அங்கேயே பெயரை மாற்றித் தருவோம் என்று சொல்ல ஒரு மைக்கும் வந்ததில்லை. வசதி இருந்தும் கட்டாத பெரிய கட்டடக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கட்டும், நானே கை தட்டுவேன். நோய் வந்து நொடித்த குடும்பத்தையும் அவர்களையும் ஒரே பட்டியலில் சேர்த்து எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் எழுதிய அந்த வாக்கியத்துக்கு வருத்தம் தெரிவித்தாலும் தெரிவிக்காவிட்டாலும் ஒரு சின்ன உதவி செய்யுங்கள். ஏப்ரல் முதல் வாரத்திலும் அக்டோபர் முதல் வாரத்திலும் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்புப் போடுங்கள். அந்தந்த மாதக் கடைசிக்குள் அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கும் என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. குடும்பத் தலைவர் இறந்தால் வரிப் பெயர் மாற்றத்துக்கு என்னென்ன காகிதம், எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்பதையும், பகுதிப் பகுதியாகப் பாக்கியைக் கட்ட முடியுமா முடியாதா என்று மாநகராட்சி ஆணையரிடமே கேட்டு அவர் சொல்லும் பதிலையும் சேர்த்துப் போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். டீக்கடையில் உங்கள் பேப்பரை ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளர் குடும்பத்து வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.