ரயில் நேரமும் பியர்க்கடை நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு மலரில் ஸ்கண்டிநேவிய நாடுகளை ரயிலில் சுற்றிப் பார்ப்பது பற்றி வந்த கட்டுரையில் அழகான படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, ஒஸ்லோவில் உள்ள மகள் வீட்டுக்கோ டென்மார்க்கில் உள்ள அண்ணன் வீட்டுக்கோ புறப்படுகிறவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிறார்கள். பல நாடுகளில் செல்லும் ஒரு ரயில் பாஸ் இருந்தால் நினைத்த ரயிலில் ஏறலாம், இறங்குகிற ஊரெல்லாம் உள்ளூர்ப் பியர் கிடைக்கும் என்று அதில் இருந்ததை நம்பிப் போனால் இரண்டிலும் ஏமாற்றம்தான். அந்த நாடுகளில் ரயில் அட்டவணையையும் மதுக்கடை திறக்கும் நேரத்தையும் அருகருகே வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

முதலில் பாஸ். இலங்கையில் வசிப்பவருக்கு உரியது யூரெயில். ஐரோப்பாவில் வசிப்பவருக்கு உரியது இன்டர்ரெயில். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதல்ல, எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கணக்கு. நோர்வேயில் இருக்கும் மகள் தனக்கு வாங்கும்போது அம்மாவுக்கும் சேர்த்து இன்டர்ரெயில் வாங்கினால் அது அம்மாவுக்குச் செல்லாது. மகளுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: தான் வசிக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸை விரும்பியபடி பாவிக்க முடியாது, நாட்டை விட்டு வெளியே போக ஒரு முறையும் திரும்பி வர ஒரு முறையும் மட்டுமே. நோர்வேக்குள் மாத்திரம் சேர்ந்து சுற்றப்போகும் குடும்பத்துக்குப் பாஸ் தேவையே இல்லை. சுமார் மூன்று மாதம் முன்பு விற்பனைக்கு வரும் மலிவுச் சீட்டுகளை எடுப்பதுதான் இலாபம். மூன்று நாடுகளைத் தொடுகிறவர்கள் பாஸ் எடுக்கலாம். 60 வயதானவர்களுக்கு விலைக்கழிவு உண்டு. 4 முதல் 11 வயது வரையான பிள்ளைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் அதன் பெயரிலும் ஒரு பாஸ் எடுத்தே ஆக வேண்டும்.

பாஸ் இப்போது கைத்தொலைபேசியில் வருகிறது. ரயிலில் கால் வைக்குமுன் அன்றைய நாளைத் தொடக்கி, அந்த ரயிலையும் பாஸில் சேர்த்துவிட வேண்டும். பரிசோதகர் வந்த பிறகு சேர்க்க முனைந்தால் சீட்டில்லாப் பயணியாகவே கணக்கு. இணையம் இல்லாமலும் செயலி வேலை செய்யும், ஆனால் மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்தில் இணைக்காவிட்டால் பூட்டிக்கொள்ளும். இரவு ரயிலில் நள்ளிரவுக்கு முன் ஏறி, நடுவில் மாறாமல் காலையில் இறங்கினால் ஒரு நாள்தான் கழியும். நள்ளிரவுக்குப் பின் ரயில் மாறினால் இரண்டு நாள் போய்விடும்.

பாஸ் என்பது ஆசனம் அல்ல. கொழும்பு–மட்டக்களப்பு ரயிலான உதயதேவியில் நின்றுகொண்டே வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுவீடனின் வேக ரயில்கள், நோர்வேயின் நெடுந்தூர ரயில்கள், எல்லா இரவு ரயில்கள் ஆகியவற்றுக்கு ஆசனப்பதிவைத் தனிக் காசு கொடுத்து எடுக்க வேண்டும். கொப்பன்ஹேகனில் இருந்து பாலம் கடந்து மால்மோ வழியாக கோதன்பேர்க் போகும் ஒரேசுண்ட் ரயிலுக்குப் பதிவு வேண்டாம், வந்த வண்டியில் ஏறலாம். அந்தப் பாதையில் சுவீடனின் முதல் நிலையமான ஹில்லியில் பொலிஸார் ஏறிச் சோதிப்பதுண்டு. செங்கன் விசா இருக்கிறதே என்று கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டு மேல்தட்டில் ஏற்றிவிடாதீர்கள்.

கட்டுரை ஜெர்மனியில் இருந்து டென்மார்க்குக்கு ரயில் கப்பலுக்குள் ஏறிக் கடல் கடப்பதை வர்ணித்திருந்தது. பழைய வழிகாட்டி நூலில் இருந்து எடுத்திருக்க வேண்டும். புட்கார்டன், ரொட்பி இடையே ஓடிய அந்த ரயில் கப்பல் 2019 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது ரயில் டென்மார்க்கின் பெருநிலப் பகுதியான யூட்லாந்து வழியாகத் தரையில் சுற்றி, 1997இல் திறந்த பெரும் நீரிணைப் பாதையால் கொப்பன்ஹேகன் வருகிறது.

கோடையில் இன்னொரு தொல்லை. பனி இல்லாத மாதங்களில்தான் தண்டவாளத்தைப் பழுது பார்க்க முடியும் என்பதால், நோர்வேயில் சுற்றுலாக் காலத்தின் நடுவிலேயே பாதைகளின் சில பகுதிகளை மூடிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். மலைப்பாதையைப் பார்க்கவென்று பணம் கட்டியவர் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு போவார். சீட்டு எடுக்குமுன் அந்தத் திகதியில் ரயிலா பஸ்ஸா என்று பாருங்கள்.

இனி மதுச் சட்டம். நோர்வேயில் சுப்பர்மார்க்கெட்டில் 4.7 சதவீதம் வரையான பியர் மட்டுமே விற்கலாம். அதையும் கிழமை நாட்களில் இரவு 8 மணியோடும் சனிக்கிழமை மாலை 6 மணியோடும் நிறுத்த வேண்டும். ஞாயிறு முழுக்க இல்லை. இங்கே பௌர்ணமிப் போயா தினத்தில் பூட்டுவது போல, அங்கே வாராவாரம். நேரம் கடந்தால் பியர் தட்டில் திரை விழுந்துவிடும், காசாளரிடம் கெஞ்சிப் பயனில்லை. அதற்கு மேற்பட்ட வலுவுள்ளதெல்லாம் 1922இல் தொடங்கிய அரசக் கடையான வின்மொனொபொலெட்டில்தான் கிடைக்கும். அது சுப்பர்மார்க்கெட்டை விட முன்னரே பூட்டும். சுவீடனில் கடைத்தட்டு எல்லை 3.5 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு சிஸ்டம்பொலாகெட் என்ற அரசக் கடை. சனிக்கிழமை பிற்பகலில் பூட்டினால் திங்கட்கிழமைதான் திறக்கும், அங்கே வாங்க 20 வயது நிரம்ப வேண்டும். மதுச்சாலையில் 18 வயதிலேயே குடிக்கலாம் என்பது வெளியாருக்கு வேடிக்கையாக இருக்கும். டென்மார்க்கில் இப்படி அரசக் கடையே இல்லை, எந்த மூலைக்கடையிலும் வாங்கலாம். ஆகவே வார இறுதியை டென்மார்க்கில் கழித்துத் திங்களன்று சுவீடனுக்கோ நோர்வேக்கோ போவது புத்திசாலித்தனம். சனி மாலை ஒஸ்லோவில் இறங்குகிறவருக்கு உணவகமும் மதுச்சாலையும்தான் மிச்சம், அங்கே அரை லீட்டர் பியருக்கு 100 குரோனருக்கு (நோர்வே நாணயம்) மேல் போகும். ஞாயிறன்று அந்நாட்டின் பெரும்பாலான சுப்பர்மார்க்கெட்டுகளும் பூட்டு. சோறு, பாண் கூடச் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும்.

நோர்வே, சுவீடன் ரயில்களில் சொந்தப் போத்தலைத் திறக்கக் கூடாது, வண்டியின் கஃபேயில் வாங்கியதையே குடிக்கலாம். நோர்வேயில் பூங்காவிலும் நிலைய வாசலிலும் குடிப்பதற்கும் தடை. வெறும் பேணியையும் போத்தலையும் எறிய வேண்டாம். நோர்வேயில் அரை லீட்டர் வரையானதற்கு 2 குரோனரும் பெரியதற்கு 3 குரோனரும் முற்பணமாக விலையோடு சேர்த்தே எடுத்திருப்பார்கள். கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். நசுக்கிய பேணியை இயந்திரம் வாங்காமல் விடலாம்.

எதைக் குடிப்பது? கொப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் கேட்பவர்களுக்கு ஒரு சொல். அதே பெயரை லயன் நிறுவனம் அனுமதி பெற்று இலங்கையிலேயே வடிக்கிறது. கொப்பன்ஹேகன் பழைய ஆலையின் பெருமளவு வடிப்பு 2008இல் டென்மார்க்கின் இன்னொரு நகரான ப்ரெடரிசியாவுக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த ஆலை வளாகம் பார்க்க வேண்டியது. மத்திய நிலையத்தில் இருந்து எஸ்-ரயில் என்ற புறநகர் ரயிலில் இரண்டாவது தரிப்பு, பெயரே கார்ல்ஸ்பேர்க். 1901இல் கட்டிய வாயிலை நான்கு கருங்கல் யானைகள் தாங்குகின்றன, அவற்றின் பக்கத்தில் சுவஸ்திகாவும் உண்டு. நாஜிகளுக்கு முந்தியது, பதற வேண்டாம். முக்கியமானது அந்த ஆலையின் ஆய்வுகூடம். அதுவரை பியர் பல தடவை புளித்தும் கசந்தும் கெட்டது. நல்ல நொதியோடு (ஈஸ்ட்) காட்டு நொதியும் கலந்து வளர்ந்ததே காரணம் என்று கண்டு, ஒற்றைக் கலத்தில் இருந்து தூய நொதியை 1883இல் வளர்த்துக் காட்டியவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். ஆலை உரிமையாளர் யேக்கப்சன் அதை இரகசியமாக வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். இன்று உலகெங்கும் குடிக்கும் லாகர் வகைப் பியர், அந்த வழியில் ஒற்றை நொதியைக் கொண்டு 10 பாகை செல்சியஸ் அளவுக் குளிரில் மெல்ல நொதிக்கிறது.

இதற்கு நேர் எதிரான பியரை அதே பயணத்தில் காணலாம் என்பதைத்தான் கட்டுரை தவறவிட்டது. ஒஸ்லோ–பேர்கன் பாதையில், பேர்கனுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் முன் வருவது வொஸ். அந்த மாவட்டத்துப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்த நொதிக்குப் பெயர் க்வைக். முதலில் யூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் கிளைகளைத் தண்ணீரில் காய்ச்சுவார்கள். அந்தத் தண்ணீரில் மோல்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறவைத்து, வடித்து எடுத்த சாற்றை மூன்று நான்கு மணித்தியாலம் கொதிக்க விடுவார்கள். நிறம் செம்மண்ணிறத்துக்கு வரும். பிறகு 39 பாகைக்கு ஆறவைத்து நொதியைப் போடுவார்கள். நம் சித்திரை வெயிலை விடச் சூடு. ஏல் என்ற பியர் வகைக்குரிய சாதாரண நொதியை இந்தச் சூட்டில் போட்டால் பெயின்ட் தின்னர் போல நெடியடிக்கும் மதுசாரங்களைக் கக்கிப் பியரைக் கெடுத்துவிடும். க்வைக்கோ ஒரே நொதியல்ல, பல வகைகளின் கூட்டம். அதே சூட்டில் இரண்டு நாளில் வேலையை முடித்துத் தோடம்பழத்தோல் வாசம் கொடுக்கும். முடிந்ததும் அடியில் தங்கிய நொதியை எடுத்துக் காயவைப்பார்கள். மரத்துண்டுகளைக் கோத்த வளையங்களை நொதியில் தோய்த்துத் தொங்கவிடுவதும் பழைய வழக்கம். காய்ந்தது ஒரு வருடம் கழித்தும் உயிர்க்கும்.

வீட்டு வடிப்பான இது பெரும்பாலும் விலைக்கு வராது. வொஸ் நிலையத்தில் இறங்கியவுடன் தேடிப் பயனில்லை. ஆனால் கைவினை ஆலைகள் பல இப்போது க்வைக் பாவிக்கின்றன. வின்மொனொபொலெட்டில் பேணியின் விபரத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பாதையில் மிர்டாலில் ரயில் மாறி, கீழே உள்ள ப்ளோம் என்ற ஊருக்கு இறங்குகிறவர்கள் அங்கே 2007இல் திறந்த ஏகிர் ஆலைக்குப் போகலாம். நடுவில் நெருப்பு எரியும் மரக் கூடம், ஐந்து சிறு கிளாஸ் பியரும் ஐந்து சிறு உணவும் ஒரே பலகையில் வரும். ப்ளோம் பாதை 20 கிலோமீற்றரில் 866 மீற்றர் இறங்குவது. அதில் பாஸ் செல்லாது, விலைக்கழிவு மட்டும் உண்டு. திரும்பும்போது பலகையோடு நேரத்தை மறந்து கடைசி இணைப்பைத் தவறவிட்டால் மாட்டிக்கொள்வது மிர்டாலில்: வாகன வீதி இல்லாத மலை நிலையம், கோடை மாலையிலும் குளிர். ஸ்வெற்றரைப் பெரிய பெட்டிக்குள் பூட்ட வேண்டாம்.

சாப்பாட்டில் மாட்டு இறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது பல. சுவீடன் இறைச்சி உருண்டை பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்த அரைப்பு. டென்மார்க்கின் ப்ரிக்கடெல்லர் என்ற பொரித்த இறைச்சி உருண்டையும் வண்டிக்கடைச் சிவப்புச் சொசேஜும் பெரும்பாலும் பன்றி. சுவீடனில் வியாழன் தோறும் கிடைக்கும் பட்டாணி சூப் மரக்கறிபோல் தோன்றும், அதற்குள்ளும் பன்றித்துண்டு இருக்கும். அச்சமில்லாமல் சாப்பிட மீன்தான் வழி: டென்மார்க்கில் பட்டர் பூசிய கறுத்த ரை பாணின் மேல் ஊறுகாய் ஹெரிங் மீன், கோதன்பேர்க்கில் 1874இல் தேவாலயம் போலக் கட்டிய ப்யெஸ்கேஷர்க்கா மீன் சந்தையில் இறால் பாண், பேர்கனில் மீன் சூப். சுவீடனில் கிழமை நாட்களில் மதியம் 11இல் இருந்து 2 வரை உணவகங்கள் போடும் நாள்சாப்பாட்டில் சலாட், பாண், கோப்பி எல்லாம் அடக்கம். அதே கடையில் இரவில் அந்த விலைக்குப் பாதிகூட வராது. ஆட்டுத்தலை விரும்பிகள் கார்த்திகை, மார்கழியில் வொஸ் போகலாம். மயிரைத் தீய்த்து, உப்பிட்டு, சில வேளை புகையூட்டி, மூன்று மணித்தியாலம் அவித்துத் தருவார்கள். காதையும் கண்ணையும் முதலில் சாப்பிட வேண்டும், ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும்.

நோர்வேயின் வடக்கே போடோ வரை ரயிலில் போய்க் கப்பலில் லொபோதன் தீவுக்குப் போகிறவர்கள் அங்கத்தைய கருவாட்டைக் கட்டாயம் வாங்குவார்கள். அது உப்பே போடாதது. மாசியில் இருந்து வைகாசி வரை உறைநிலையை ஒட்டிய குளிர்காற்றில் மரச்சட்டங்களில் கொட் மீனைத் தொங்கவிடுகிறார்கள், ஈ வராத குளிரில் கெடுமுன் காய்ந்துவிடும். நம் வாகரைப் பக்கத்து வெக்கையில் உப்பில்லாமல் அப்படிச் செய்தால் இரண்டாம் நாளே புழு. வாங்கி வந்து நம் கருவாடு போல அரை மணித்தியாலம் ஊறவைத்துச் சட்டியில் போட்டால் விறகு போலவே இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில், தினமும் தண்ணீர் மாற்றி, ஐந்து முதல் ஏழு நாள் ஊற வேண்டும். உப்புப் போடுவது அதன் பிறகு.

கொண்டுபோகும் பொதி பற்றியும் சொல்லிவிடுகிறோம். இறைச்சியும் பால்பொருளும் எந்த அளவிலும் கூடாது. முட்டியில் கட்டிய எருமைத் தயிரும் நெய்யும் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சான்றிதழ் இல்லாமல் போகும். மீனும் கருவாடும் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை அனுமதி. ஆனால் ரயிலில் பெட்டி வைக்கும் தட்டு அடுத்தவர் தலைக்கு மேல் இருப்பதால், காற்றுப் புகாமல் இரண்டு உறையில் ஒட்டிக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
கல்லடி வாசகர்கள்,
மட்டக்களப்பு.