அடுத்த ‘நாளை முதல்’ வருவதற்குள்: கல்லூரி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

கொரோனா முடிந்த கதை, இப்போது எதற்கு மடல் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தைப் பற்றி நம் கல்லூரிகளில் மிஞ்சியிருப்பது கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் அறிக்கையில் ஏற்றிய வெபினார் எண்ணிக்கைதான். (இ-சர்டிபிகேட் இல்லாத வீடே அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இருந்திருக்காது.) ஊழியர்களை அன்று எப்படி நடத்தினோம் என்பதை எந்தக் கோப்பிலும் காணோம்.

2020 மார்ச் 17-ஆம் தேதி கல்லூரிகளை மூடும்போது 31 வரைதான் என்றார்கள். இறுதியாண்டு இளநிலை மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பியது டிசம்பர் 7. மற்றவர்கள் வந்தது 2021 பிப்ரவரி 8. இடையில் ஆசிரியர்களான எங்களுக்கு உத்தரவு என்பது இரவு பத்து மணிக்கு மேல் வரும் வாட்ஸ்அப் செய்தி. ‘நாளை முதல்’ என்று தொடங்கும். காரணம் இருக்காது.

உங்கள் நிலையும் எங்களுக்குப் புரிந்தது. தேர்வு பற்றி பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏப்ரலில் ஒன்று சொல்லி ஜூலையில் திருத்தியது. ஆகஸ்ட் 26 அன்று அன்றைய முதலமைச்சர், அரியர் எனும் தேறாத பழைய பாடங்களின் தேர்வுக்குக் கட்டணம் கட்டியவர்களெல்லாம் தேர்ச்சி என்றார். இரண்டே நாளில், இறுதித் தேர்வு நடத்தாமல் பட்டம் தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதில் எந்தக் கல்லூரி முதல்வரால் உறுதியாக என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் “எனக்கும் இன்னும் தெரியவில்லை, வெள்ளிக்கிழமை மாலை சொல்கிறேன்” என்று சொல்லியிருக்கலாமே. பெற்றோர் போன் செய்தது எங்களுக்கு. நீங்கள் பேசாத இடத்தை வாட்ஸ்அப் வதந்தி நிரப்பியது.

பதில் சொல்லாத நிர்வாகம் எங்களிடம் ஆதாரம் மட்டும் தவறாமல் கேட்டது. கூகுள் மீட் வகுப்பு முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட், வருகைப் பட்டியல், கூகுள் ஃபார்ம். வீட்டில் இருந்ததே ஒரு போன். அதில்தான் பிள்ளையின் பள்ளி வகுப்பும். டேட்டா தீர்ந்துபோகும் மாணவர்களுக்காகப் பாடத்தைப் பத்து நிமிட ஆடியோவாக உடைத்து அனுப்பலாம் என்று முதலில் செய்தவர் எங்கள் துறையிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவர். டைட்ரேஷன் என்ற வேதியியல் செய்முறையைத் தன் போனில் படம்பிடித்துத் தந்தவர் லேப் உதவியாளர். இரண்டையும் யாரும் உத்தரவிடவில்லை. அந்த ஆடியோக்கள் ஸ்கிரீன்ஷாட்டில் வராததால் வகுப்புக் கணக்கிலும் சேரவில்லை!

சம்பளத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஊரடங்குக் காலச் சம்பளத்தைக் கொடுங்கள், யாரையும் நீக்காதீர்கள் என்று தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 2020 ஏப்ரலிலேயே எழுதியது. அப்படியும் பல சுயநிதிக் கல்லூரிகளில் பாதிச் சம்பளம். சில இடங்களில் அட்மிஷன் பிடித்து வந்தால்தான் மீதி. கட்டணம் வரவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். கணக்கைக் காட்டியிருந்தால் பாதிப் பேர் வாய் திறந்திருக்க மாட்டார்கள். கேரள அரசு அப்போது ஊழியர்களின் சம்பளத்தில் மாதம் ஆறு நாள் வீதம் ஐந்து மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. 20,000 ரூபாய்க்குக் கீழ் வாங்குபவர்களைத் தொடவில்லை. அதற்கும் எதிர்ப்பு வந்தது, வழக்கு நடந்தது. ஆனாலும் எவ்வளவு, எத்தனை மாதம், யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் கல்லூரிகளிலோ கையில் வந்த தொகையைப் பார்த்துத்தான் பிடித்தம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டோம். பேருந்து ஓட்டுநர்களுக்கும் விடுதிச் சமையல்காரர்களுக்கும் பல இடங்களில் அந்தப் பாதிச் சம்பளமும் இல்லை.

எனவே ஒரு கோரிக்கை. வரும் கல்வியாண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்லூரி மறுபடி திடீரென மூடினால் முடிவெடுப்பவர் யார், அறிவிப்பு எந்த நேரத்துக்குள் வரும், சம்பளத்தில் கைவைக்க நேர்ந்தால் யாரிடமிருந்து தொடங்குவது என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். அலுவலக, லேப், விடுதி ஊழியர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். பின்வரிசையில் உட்காரவைக்க அல்ல, பேசவைக்க. 2020-இல் அவர்கள் தாமாகச் செய்தவற்றை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சுயநிதிப் பிரிவு உதவிப் பேராசிரியர் ஒருவர்