அப்டேட்டில் தலைகீழாகிப்போன எக்ஸ்போ: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

பொருள்: டிரான்ஸ்மிட்டர் ஃபர்ம்வேர் அப்டேட்டால் மாதிரி விமானம் விழுந்து உடைந்தது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

மாதிரி விமானங்களைத் தரையிலிருந்து ரேடியோவில் இயக்கும் தங்கள் நிறுவனத்தின் பத்து சேனல் டிரான்ஸ்மிட்டரை ஒரு வருடத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன். ஸ்டிக், ரேஞ்ச், பேட்டரி எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகார் முழுவதும் சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட ஃபர்ம்வேர் (டிரான்ஸ்மிட்டருக்குள் இயங்கும் மென்பொருள்) அப்டேட்டைப் பற்றியது.

அதனுடன் வந்த குறிப்பில் 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று ஒரே வரிதான் இருந்தது. எக்ஸ்போவின், அதாவது ஸ்டிக்கின் சிறு அசைவுகளுக்கு விமானம் எவ்வளவு மென்மையாக அல்லது கூர்மையாகத் திரும்ப வேண்டும் என்று வைக்கும் எண்ணின், குறியைத் திருப்பிப் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்பு மைனஸ் 30 கொடுத்தால் ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகும். இப்போது அதற்கு ப்ளஸ் 30 கொடுக்க வேண்டும். இரண்டு வழக்கமும் இந்தத் துறையில் உண்டு; ஃபுடாபா நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டரில் மைனஸ், ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தினுடையதில் ப்ளஸ். நீங்கள் எதை வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். ஆனால் குறியை மாற்றியவர்கள், மெமரியில் ஏற்கெனவே சேமித்திருந்த மாடல்களின் எண்களையும் சேர்த்தல்லவா மாற்றியிருக்க வேண்டும்? என் மாடல்களில் பழைய மைனஸ் 30 அப்படியே கிடந்தது, நேர் எதிர் வேலையைச் செய்துகொண்டு.

பறக்கவிடும் முன் சோதிக்கவில்லையா என்று உங்கள் சேவை மையத்தில் கேட்டார்கள். சோதித்தேன். ரேஞ்ச் செக் செய்தேன், எலிவான்கள் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடுகள்) சரியான பக்கம் அசைகின்றனவா என்று ஸ்டிக்கைக் கடைசி வரை தள்ளியும் இழுத்தும் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது, இருக்கத்தான் செய்யும். எக்ஸ்போ நடுவுக்கும் கடைசிக்கும் இடைப்பட்ட வளைவைத்தான் மாற்றும். முழு ஸ்டிக்கில் சர்வோ (அந்தத் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார்) போய் நிற்கும் இடம் மாறாது. வழக்கமான தரைச் சோதனை எதிலும் இது அகப்படாது. பிறகு, டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் அளவைத் திரையில் காட்டும் சேனல் மானிட்டரில் பார்த்தேன்: அரை ஸ்டிக்குக்கு முன்பு சுமார் 39 சதவீதம் காட்டிய இடத்தில் இப்போது 61 காட்டுகிறது. நடுவை ஒட்டிய சிறு அசைவுகளில் வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் மேல்.

விழுந்தது வால் இல்லாத ஃபோம் விங். மூக்கு ஏறி இறங்குவதைத் தணிக்கப் பின்னால் வால் கிடையாது என்பதால் அந்த வகைக்கு எக்ஸ்போ அவசியம். கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கியது. லேசாகத் தள்ளினேன், தரையைப் பார்த்துக் குத்தியது. நிமிர்த்துவதற்குள் கண்மாய்க் கரையில் மோதிவிட்டது. இறக்கை இரண்டாகப் பிளந்தது, மோட்டார் மவுன்டும் ஒரு சர்வோவும் போயின.

அப்புறம் மற்ற மாடல்களையும் சோதித்ததில் இதைவிட மோசமான ஒன்று தெரிந்தது. ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன். மோட்டார் நிற்கவில்லை. சிக்னல் போனால் த்ராட்டில் அடிமட்டத்துக்கு வரும்படி நான் வைத்திருந்த ஃபெயில்சேஃப், எல்லா மாடலிலும் 'ஹோல்டு' என்று மாறியிருந்தது. அதாவது சிக்னல் அறுந்தால், கடைசியாக இருந்த வேகத்திலேயே விமானம் போய்க்கொண்டிருக்கும். எங்கே, யார் தலையில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

இதற்கு உங்கள் மையம் தந்த பதில், 'விபத்து பயனரின் பிழை, வாரன்டியில் வராது.' அந்த மின்னஞ்சலை எழுதியவர் என் கடிதத்தைப் படித்தாரா என்பதே சந்தேகம். நான் கேட்டது டிரான்ஸ்மிட்டருக்கு வாரன்டி அல்ல. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் அந்தக் கோப்பையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

இந்த இரண்டு மாற்றங்களையும் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் உடனே அறிவியுங்கள். மற்றவர்கள் இந்த வாரக் கடைசியிலும் பறக்கவிடப் போவார்கள். பழைய மாடல்களின் எண்களைத் தானே திருத்தும் பதிப்பு ஒன்று வரட்டும், அதுவரை முந்தைய கோப்பைத் திரும்பத் தளத்தில் வையுங்கள். உடைந்த விமானத்துக்கான செலவையும் தாருங்கள், பில்கள் இணைப்பில் உள்ளன. முறையான எச்சரிக்கை தராத தயாரிப்பாளரின் பொறுப்பைப் பற்றி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-ஆம் பிரிவு பேசுகிறது. பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர், மதுரை

இணைப்பு: பில் நகல்கள், சேனல் மானிட்டர் படங்கள், மோட்டார் சோதனை வீடியோ