கெர்னல் தொகுப்போருக்கு: என்எஃப்எஸ் சர்வரைப் பாதியில் விடாதீர்கள்

சிறு கணினிப் பலகைகளுக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கும் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) தொகுத்து வெளியிடும் குழுக்களுக்கு,

வணக்கம். உங்கள் பலகைகளில் கோப்புப் பகிர்வு சர்வர்களை நிறுவிப் பராமரிப்பவர்கள் நாங்கள். கேட்பது ஒன்றுதான். என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் முறை) சர்வரைக் கெர்னலில் சேர்ப்பதானால் முழுதாகச் சேருங்கள். சேர்க்கவில்லையென்றால் அதை வெளியீட்டுக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். இப்போது கைக்கு வரும் பல தொகுப்புகள் இரண்டுமில்லாமல் நடுவில் நிற்கின்றன.

கெர்னல் தொகுக்கும்போது, பகிர்ந்த கோப்புகளைப் பயன்படுத்தும் கிளையன்ட்டுக்கான தேர்வு வேறு, அவற்றைப் பகிரும் சர்வருக்கான தேர்வு வேறு. முன்னது கான்ஃபிக்_என்எஃப்எஸ்_எஃப்எஸ், பின்னது கான்ஃபிக்_என்எஃப்எஸ்டி. தேர்வுகளைக் காட்டும் மெனுகான்ஃபிக்கில் இரண்டும் ஒரே பட்டியலில் வருவதால் முதலாவதைப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பயனரும் ஏமாறுகிறார். /ப்ராக்/ஃபைல்சிஸ்டம்ஸ் கோப்பில் என்எஃப்எஸ்4 என்று தெரியும், ஆனால் அது கிளையன்ட் மட்டுமே. சர்வர் இருந்தால் 'மோட்ப்ரோப் என்எஃப்எஸ்டி' என்ற கட்டளை கொடுத்தபின் அதே கோப்பில் என்எஃப்எஸ்டி என்ற தனி வரி வர வேண்டும். சர்வர் தேர்வை 'எம்' என்று, தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் மாட்யூலாக வையுங்கள். வேண்டாதவருக்கு நினைவகம் மிச்சம். வேண்டுபவர் ஒரு மாட்யூலுக்காக முழுக் கெர்னலையும் மறுபடி தொகுக்க வேண்டியதில்லை.

பெரிய தலைவலி, என்எஃப்எஸ் பதிப்பு 4-ஐச் சர்வரில் சேர்க்கும் கான்ஃபிக்_என்எஃப்எஸ்டி_வி4 விடுபடும்போதுதான். சர்வர் ஓடும், அடைவுகளைப் பகிரும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளை குறை சொல்லாது. கிளையன்ட்டில் பதிப்பு குறிப்பிடாமல் மவுன்ட் செய்தால் (பகிர்ந்த அடைவை இணைத்தால்) அது 4.2-லிருந்து கீழே இறங்கிச் சத்தமில்லாமல் 3-இல் போய் நிற்கும். பதிப்பு 4-க்கு 2049 என்ற ஒரே போர்ட் போதும். 3-க்கோ ஆர்பிசிபைண்டின் 111, மவுன்ட்டி, லாக்டி, ஸ்டாட்டி ஆகிய துணைச் சேவைகளின் போர்ட்கள் எல்லாம் வேண்டும். ஃபயர்வாலில் 2049 மட்டும் திறந்தவருக்கு மவுன்ட் வெகுநேரம் தொங்கி, 'நேரம் கடந்தது' என்று முடியும். ஃபயர்வாலே இல்லாத இடத்தில், கிளையன்ட்டில் ஸ்டாட்டி ஓடவில்லையென்றால், 'நோலாக்' போட்டுப் பார் என்று மவுன்ட் கட்டளையே வழி சொல்லும். பயனரும் போடுவார். அதன்பின் மற்றவர் எழுதாதபடி ஒரு கணினி கோப்பின் மேல் போட்ட பூட்டு மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கோப்பில் எழுதும்; தரவு குழம்பும். குழம்பியபின் யாரும் கெர்னல் தேர்வைச் சந்தேகிப்பதில்லை, வட்டைத்தான் குறை சொல்வார்கள்.

பதிப்பு 2-க்கு இனி இடம் வேண்டாம். கெர்னல் 6.2 முதல் அதைத் தனித் தேர்வாக்கி, இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள். பழைய கான்ஃபிக் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்து அதை மறுபடி உயிர்ப்பிக்காதீர்கள். பிஎன்எஃப்எஸ் (இணை என்எஃப்எஸ்) லேஅவுட் தேர்வுகளையும் அணைத்து வையுங்கள். பிளாக், எஸ்சிஎஸ்ஐ இரண்டும் கிளையன்ட்களே வட்டை நேரடியாகத் தொடக்கூடிய அமைப்புக்கானவை. ஒற்றைப் பலகையில் அவற்றுக்கு வேலையில்லை.

அடுத்தது ஓவர்லே. எழுத முடியாத அடிப்படைப் படிமத்தின் மேல் ஓவர்லேஎஃப்எஸ் (எழுதக்கூடிய மேலடுக்கு தரும் கோப்பு முறைமை) வைத்து வெளியிடும் குழுக்கள் கவனிக்கவும். அதன்மேலுள்ள அடைவைப் பகிர முயன்றால், 'என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட்டை ஆதரிக்கவில்லை' என்று எக்ஸ்போர்ட்எஃப்எஸ் மறுக்கும். ஓவர்லேயை மவுன்ட் செய்யும்போதே 'இண்டெக்ஸ்=ஆன்', 'என்எஃப்எஸ்_எக்ஸ்போர்ட்=ஆன்' இரண்டும் வேண்டும், பகிரும் அடைவுகளைப் பட்டியலிடும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அந்தக் கோப்பு முறைமையை அடையாளம் காட்டும் எஃப்எஸ்ஐடி எண்ணும் வேண்டும். இதைவிட, பகிரும் தரவை ஓவர்லேக்கு வெளியே வட்டின் தனி எக்ஸ்ட்4 பார்டிஷனில் வைக்கச் சொல்வதே எங்கள் விருப்பம்.

/வார் அடைவை டெம்ப்எஃப்எஸ்ஸில் (நினைவகத்தில் மட்டும் இருக்கும் கோப்பு முறைமையில்) வைப்பதும் இதே வகை. பதிப்பு 4-இல் எந்தக் கிளையன்ட் இணைந்திருந்தது என்ற பதிவை என்எஃப்எஸ்டிசிஎல்டி என்ற நிரல் /வார்/லிப்/என்எஃப்எஸ் கீழ்தான் எழுதி வைக்கிறது. மின்சாரம் போய் வந்தால் சர்வர் 90 விநாடி கருணைக் காலம் தரும். பழைய கிளையன்ட்கள் அதற்குள் தங்கள் பூட்டுகளை மீட்டுக்கொள்ள வேண்டும். பதிவு டெம்ப்எஃப்எஸ்ஸோடு அழிந்திருந்தால் மீட்பு மறுக்கப்படும், பூட்டு வைத்திருந்த நிரல் பிழையோடு விழும். அந்த அடைவை மட்டுமாவது நிலையான சேமிப்பில் வையுங்கள். அந்த 90 விநாடியில் புதிதாகக் கோப்பு திறப்பதும் காத்திருக்கும் என்று ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தால், சர்வர் உறைந்துவிட்டதென்று நினைத்து மறுபடி மறுபடி ரீபூட் செய்பவர்கள் குறைவார்கள். ஒவ்வொரு ரீபூட்டும் கடிகாரத்தை மறுபடி 90-இலிருந்து தொடங்குகிறது.

எஸ்எம்பி (விண்டோஸ் பயன்படுத்தும் கோப்புப் பகிர்வு முறை) வேண்டுவோருக்காக 5.15 முதல் கேஎஸ்எம்பிடி என்ற சர்வர் கெர்னலுக்குள்ளேயே வந்திருக்கிறது. அதையும் மாட்யூலாகவே, தானாக ஏறாதபடி வையுங்கள். அதில் 2022 டிசம்பரில் வெளியே தெரிந்த ஓட்டையில், உள்நுழையாமலேயே தொலைவிலிருந்து கெர்னலில் நிரல் ஓட்ட முடிந்தது. பழைய 5.15 கிளையை இன்னும் விநியோகிப்பவர்கள் 5.15.61-இலோ அதற்கு மேலோ இருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மாதிரி எக்ஸ்போர்ட்ஸ் கோப்பு கொடுக்கும்போது முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். '192.168.1.0/24(ஆர்டபிள்யூ)' என்றால் அந்த வலையமைப்புக்கு மட்டும் எழுதும் உரிமை. நடுவில் ஒரு இடைவெளி விழுந்தால் அந்த வலையமைப்புக்கு இயல்பான படிக்கும் உரிமையும், மற்ற எல்லாருக்கும் எழுதும் உரிமையும் போகும். மாதிரிகளில் இந்தப் பிழை அச்சாகி, நகலாகிப் பரவிக் கிடக்கிறது.

வெளியிடும் முன் பலகையில் மாட்யூலை ஏற்றிச் சர்வரைத் தொடங்கி, /ப்ராக்/எஃப்எஸ்/என்எஃப்எஸ்டி/வெர்ஷன்ஸ் கோப்பைப் படியுங்கள். '+3 +4 +4.1 +4.2' என்று வர வேண்டும். எண்ணின் முன் கழித்தல் குறி இருந்தால் இயக்கும்போது அணைத்தது. எண்ணே இல்லையென்றால் தொகுக்கும்போது விட்டது. பிறகு கிளையன்ட்டில் ஒரு கோப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு பலகையின் மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள், பூட்டு திரும்புகிறதா பாருங்கள். கான்ஃபிக்_ஐகேகான்ஃபிக்_ப்ராக்கையும் 'ஒய்' ஆக்கினால், நீங்கள் எதைத் தேர்ந்தீர்கள் என்பதை /ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட் கோப்பில் நாங்களே பார்த்துக்கொள்வோம், உங்களுக்கு மடல் எழுத வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் கெர்னல்களின் மேல் சர்வர் ஓட்டும் கணினிப் பராமரிப்பாளர்கள்