எட்டு வரிக்குச் சுழி: உயிரியல் வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கான உயிரியல் பொது வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் தயாரிக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நடந்து முடிந்த அரையாண்டுத் தேர்வின் இரண்டு மதிப்பெண் வினா ஒன்றைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். எந்த வினா என்பதை நீங்கள் அறிவீர்கள். ‘வைரஸ் உயிருள்ளதா, உயிரற்றதா?’ என்று கேட்டிருந்தீர்கள். விடைக்குறிப்பில் ‘உயிரற்றது’ என்ற ஒற்றைச் சொல்லும், வேறு விடைகளுக்கு மதிப்பெண் இல்லை என்ற ஒரு வரியும் இருந்தன.

என் வகுப்பு மாணவி ஒருத்தி அதற்கு எட்டு வரி எழுதியிருந்தாள். புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கிக் குப்பியில் வைத்தால் உப்பைப் போல அசையாமல் கிடக்கும் என்றும், அதே படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தால் செல்லுக்குள் புகுந்து பெருகி இலையெங்கும் தேமல் படரும் என்றும் விளக்கிவிட்டு, ‘செல்லுக்கு வெளியே’, ‘செல்லுக்கு உள்ளே’ என்ற சொற்களின் கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தாள். உங்கள் குறிப்பின்படி அதற்குச் சுழி போட்டது என் கை. அடுத்த விடைத்தாளில் ‘உயிரற்றது’ என்று மட்டும் எழுதியிருந்த மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்ததும் அதே கைதான். ஏன் உயிரற்றது என்று மறுநாள் அவனிடம் கேட்டேன். “நோட்ஸ்ல அப்படித்தான் சார் இருக்கு” என்றான். விடைத்தாளை வாங்கிப் பார்த்த மாணவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “ஒத்த வார்த்தை எழுதியிருந்தா ரெண்டு மார்க் வந்திருக்குமா சார்?” ஆமாம் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? 22 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு பிள்ளையின் முன் இப்படிக் குறுகி நின்றதில்லை.

அவள் எழுதியது கற்பனையன்று. 1935-இல் அமெரிக்க அறிவியலாளர் வெண்டல் ஸ்டான்லி அந்த வைரஸைப் படிகமாக்கிக் காட்டியபோது அறிவியல் உலகமே திகைத்தது. 1946-இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அப்படிகம் புரதம் மட்டுமே என்று முதலில் கருதினார் ஸ்டான்லி. அதில் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ.வும் இருக்கிறது என்பதைப் பாவ்டன், பிரீ என்ற இரு ஆய்வாளர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுவினார்கள். படிகமாக்கியவருடைய கருத்தையே திருத்த வேண்டியிருந்த ஒரு பொருளைப் பற்றி, பதினாறு வயதுப் பிள்ளை யோசித்து எழுதினால் தவறு என்கிறோம்.

‘உயிரற்றது’ என்ற தரப்புக்கு வலுவில்லை என்று நான் வாதாடவில்லை. செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் வைரஸுக்கு இல்லை. புரதம் செய்வதற்கும் ஆற்றலுக்கும் அது தான் தொற்றும் உயிரின், அதாவது ஓம்புயிரின், செல்லையே நம்பியிருக்கிறது. உயிரினங்களின் உறவுமுறையைக் காட்டும் ‘உயிர் மர’த்தில் வைரஸ்களுக்கு இடமில்லை என்று மொரைரா, லோபெஸ்-கார்சியா என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் வாதிட்டபோது அதற்குப் பத்துக் காரணங்களைச் சொன்னார்கள். உங்கள் குறிப்பிலோ காரணத்துக்கு அரை மதிப்பெண்கூட ஒதுக்கப்படவில்லை. தனித்து வாழ இயலாமை மட்டுமே காரணமென்றால், தொழுநோய் பாக்டீரியத்தை என்ன செய்வோம்? ஹான்சன் 1873-இல் கண்டறிந்த அந்தக் கிருமியைச் செயற்கை வளர்ப்பு ஊடகத்தில் இன்றுவரை வளர்க்க முடிந்ததில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற ஓடுடைய விலங்கின் உடலிலும்தான் வளர்க்கிறார்கள். அதை உயிரற்றது என்று எவரும் சொல்வதில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1992-இல் குளிர்விப்புக் கோபுர நீரிலிருந்த அமீபாவுக்குள் கிடைத்த ஒன்று, பாக்டீரியம் என்றே பல ஆண்டுகள் எண்ணப்பட்டு, 2003-இல்தான் வைரஸ் என்று அறிவிக்கப்பட்டது. அந்த மிமிவைரஸில் 900-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. புரத உற்பத்திக்கு உதவும் சில நொதிகளுக்கான மரபணுக்களும் அவற்றுள் அடக்கம். இத்தனைக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று மாணவர் யோசிப்பதுதான் பாடம். ஆகவே, காரணத்தோடு எழுதப்படும் விடை எந்தப் பக்கம் நின்றாலும் அதற்கு மதிப்பெண் உண்டு என்று குறிப்பைத் திருத்துங்கள் என்பதே என் கோரிக்கை.

இதைவிட வருத்தம் தந்தது, தேர்வுக்குப் பிந்தைய கூட்டத்தில் காதில் விழுந்த யோசனை. உயிரற்றது என்று நாமே சொல்லிவிட்ட பிறகு உயிரியலில் அதற்கு எதற்குப் பாடம், பாடச்சுமையாவது குறையட்டுமே என்றார் மூத்தவர் ஒருவர். பலர் தலையசைத்தார்கள். டி.என்.ஏ. மூலக்கூறு உயிருள்ளதா? நொதி உயிருள்ளதா? அவற்றை நீக்கிவிட்டு உயிரியலில் எதை நடத்துவது? வைரஸ் மரபுச் செய்தியைக் கடத்துகிறது, திடீர் மாற்றம் அடைகிறது, இயற்கைத் தேர்வுக்கு ஆட்படுகிறது. 2021-இல் கொரோனா வைரஸின் டெல்டா வகையும் அதன் பின் ஒமைக்ரானும் நம் வீடுகளுக்குள்ளேயே அதைக் காட்டிச் சென்றன. மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு பண்டைய ரெட்ரோவைரஸ்களின், அதாவது தம் மரபுச் செய்தியை ஓம்புயிரின் டி.என்.ஏ.வில் செருகிவிடும் வைரஸ்களின், எச்சம். அப்படி வந்து சேர்ந்த ஒரு மரபணு தரும் சின்சைட்டின் என்ற புரதம் நஞ்சுக்கொடி உருவாவதில் பங்கேற்கிறது. தாய் வயிற்றில் நாம் வளர்ந்ததிலேயே பங்குள்ள ஒன்றை உயிரியலுக்கு வெளியே நிறுத்துவது எந்த வகையில் சரி?

விடைக்குறிப்பில் உள்ள சொல்லைத் தவிர வேறு சொல் எழுதக்கூடாது என்று பிள்ளைகளை நாமே பழக்குகிறோம். பிறகு, கல்லூரிக்குப் போனதும் சொந்தமாக நாலு வரி எழுதத் தெரியவில்லை என்று அவர்களையே குறை சொல்கிறோம். ஆய்வகத்தில் நுண்ணோக்கியை உறைபோட்டு மூடி வைத்துவிட்டு வினா வங்கியை மனப்பாடம் செய்ய வைக்கும் நிலைக்கு என் போன்ற ஆசிரியர்களும் பொறுப்பு. அதைப் பற்றி எழுதினால் இம்மடல் முடியாது. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

ஆண்டுத் தேர்வு வினாத்தாள் தயாராகும் நேரம் இது. அந்த வினாவை ‘உயிருள்ள பண்புகளையும் உயிரற்ற பண்புகளையும் சுட்டி, உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக’ என்று மாற்றும்படியும், காரணத்துக்கு மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் எழுதும்படியும், அரையாண்டு விடைத்தாள்களுக்கும் அது பொருந்தும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன். மதிப்பெண் பதிவேட்டில் அந்த மாணவியின் பெயருக்கு நேரே உள்ள எண்ணை இன்னும் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்