கழுவிய பிறகு

அன்புள்ள மகளுக்கு,

ஹைதராபாத் மருந்து ஆலையில் சேர்ந்த பத்தாம் நாளே, "மருந்து செய்யும் நேரத்தைவிடக் கழுவும் நேரம்தான் அதிகம்" என்று நீ அலுத்துக்கொண்டதாக அம்மா சொன்னாள். எனக்கு அது குறையாகப் படவில்லை. கழுவும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். கழுவியதை எடுத்து வைக்கும்போதுதான் கோட்டை விடுவார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், சிரப் செல்லும் குழாயை வெந்நீரில் அலசி, நீர் வடியும்முன் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டு, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று லேபிளும் ஒட்டிவிட்டுப் பொங்கல் விடுமுறைக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து எடுத்தபோது உட்புறம் வழுவழுத்தது; அலசிய நீரில் கிருமிகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியிருந்தது. லேபிளில் இருந்தது என் கையெழுத்து. அதற்குப் பிறகு, குழாயை முனைகள் கீழே பார்க்கும்படி தொங்கவிட்டு, முழுதும் உலர்ந்த பின்னரே முனைகளை மூடச் செய்தேன்.

மாத்திரை அழுத்தும் உலோக அச்சுகளான பஞ்ச், டை ஆகியவற்றுக்கும் ஈரம் ஆகாது. துடைத்து உலர்த்தி, உணவுத் தர எண்ணெயை மெல்லப் பூசிப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். மீண்டும் பொருத்தும்முன் அந்த எண்ணெயை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைக்காவிட்டால் மாத்திரையில் கரும்புள்ளி விழும். உலர்த்தும் இயந்திரத்தில் தூள் பறக்காமல் பிடித்துக்கொள்ளும் துணிப்பையை எவ்வளவு துவைத்தாலும் நெசவுக்குள் தூள் தங்கிவிடக்கூடும் என்பதால், ஒரு மருந்துக்கென வைத்த பையை இன்னொன்றுக்குத் தொடாதே.

உடனே கழுவாத கிரைண்டரில் மாவு காய்ந்து ஒட்டிக்கொள்வதை நீ பார்த்திருக்கிறாய். பயன்படுத்திய இயந்திரம் எத்தனை மணி நேரம் கழுவாமல் இருக்கலாம், கழுவியது எத்தனை நாள் சுத்தமானதாகக் கொள்ளப்படும் என்று உங்கள் ஆலையிலும் சோதித்து வரையறுத்திருப்பார்கள். அந்தக் கெடு தாண்டினால், கண்ணுக்குப் பளபளத்தாலும் மறுபடி கழுவத்தான் வேண்டும்.

கொலஸ்டிரால் குறைக்கும் கொலஸ்டிரமின் மருந்தை 1988-இல் அமெரிக்காவில் திரும்பப் பெற நேர்ந்தது. மீட்டெடுத்த கரைப்பானுக்கான பீப்பாய்களை மறுபடி பயன்படுத்தியதில் கட்டுப்பாடு இல்லாததால், பூச்சிக்கொல்லித் தயாரிப்பின் எச்சங்கள் மருந்தின் மூலப்பொருளில் கலந்தன என்று கருதப்பட்டது. வெறும் பீப்பாய்தானே என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் வளையமான கேஸ்கெட்டைக் கழற்றி அடியில் பார்க்காமல் எந்த லேபிளிலும் கையெழுத்திடாதே. உங்கள் ஆலையில் குழாய்களை எங்கே தொங்கவிடுகிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா