ஒரு குடம், ஒரு டம்ளர்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, அந்தப் பாழாய்ப்போன புரோகிராம்தான். புயல் நேரத்தில் கடல் மட்டம் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடும் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய பழைய கோடு (code) பற்றிச் சொன்னேனே, அதேதான். 16 கோரில், அதாவது வேலையைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் செய்யும் 16 கணக்கு மூளைகளில், ஓடியதை அதே மெஷினில் 64 கோரில் ஓடவிட்டோம். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

முதல் மூன்று வாரம் என் முட்டாள்தனத்தில் போயிற்று. காற்றழுத்தம் கணக்கிடும் பகுதிதான் வில்லன் என்று நானே முடிவுகட்டி, அதை முழுக்கத் திருத்தி எழுதினேன். அப்புறம், எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து காட்டும் ப்ரொஃபைலர் போட்டுப் பார்த்தால், மொத்த நேரத்தில் அதன் பங்கு வெறும் 4 சதவீதம்!

நேரத்தைத் தின்றது ஒரு சாதாரண இரட்டை லூப், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாகத் திரும்பத் திரும்ப ஓடும் வரிகள். ஃபோர்ட்ரானில் அரேயின் (எண்களின் அட்டவணை) முதல் இண்டெக்ஸ் (வரிசை எண்) மாறும்போது வரும் எண்கள் மெமரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்த இண்டெக்ஸ்தான் உள் லூப்பில் ஓட வேண்டும். இதற்கு நேர்மாறாக அடுக்கும் சி மொழியில் பழகிய யாரோ அதை வெளியே வைத்துவிட்டார். மெமரியிலிருந்து ஒரு தடவைக்கு 64 பைட் வருகிறது, அதாவது எட்டு எண்கள். நாங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு ஓடிக்கொண்டிருந்தோம். நம் தெருவில் லாரித் தண்ணீருக்கு நின்றோமே, அங்கே ஒரு குடம் பிடித்து வந்து, ஒரு டம்ளர் மொண்டுகொண்டு, மீதியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு மறுபடி வரிசைக்கு ஓடினால் உன் அம்மா விட்டிருப்பாரா? அதற்குமேல் கோர்களைக் கூட்டினால் வரிசையில் குடங்கள்தான் கூடும். லாரியின் குழாய் அதேதானே.

இரண்டு வரியை இடம் மாற்றினேன். ஓடும் நேரம் பாதிக்கும் கீழே வந்தது. மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இன்னொன்று பாக்கி. வரைபடத்தைச் சம துண்டுகளாகப் பிரித்து, கோருக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறோம். எண்ணூருக்கு மேற்கே நிலம் கிடைத்த கோர்களுக்கு வேலையே இல்லை. கணக்கின் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கடல்பக்கத்துக் கோர்கள் முடிக்கும்வரை, பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கிற ரயில் மாதிரி நிற்கின்றன. மேலதிகாரியோ இன்னும் கோர் வாங்கலாம் என்கிறார். 1967-லேயே கணினி வல்லுநர் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கைக் காட்டினேன்: வேலையில் 5 சதவீதம் பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. தலையாட்டினார். புரிந்ததா தெரியவில்லை.

சரி, உன் பையனின் சிமுலேஷன் மெதுவாக ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். கோடில் கை வைக்கும் முன் ப்ரொஃபைலர் போட்டானா என்று கேள். பொங்கலுக்கு வந்தால் காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கலாம். விலையை மட்டும் இப்போதே கேட்காதே.

உன் பழைய பெஞ்சுத் தோழன்